மைசூர் ஜாவா ஆலையும் அதன் தொழிலாளரும்

கிராக்கி குறைந்தமையால் ஆட்குறைப்பு என்று நாளிதழில் ஒரு செய்தி வருமாயின், மழை பொய்த்தமையால் விளைச்சல் குறைந்தது என்பதைப் படிப்பது போலவே அதையும் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டுகிறோம். வானம் செய்ததற்கு யாரை நோவது? ஆயினும் கிராக்கி என்பது வானத்திலிருந்து விழுவதன்று. மக்கள் ஒரு பொருளை வாங்குவதும், அதைக் கைவிட்டு வேறொன்றை நாடுவதும் காரணங்களோடு நிகழ்பவை. அக்காரணங்களும் ஒரு நாளில் தோன்றுபவை அல்ல. மைசூர் நகரில் 1961-இல் திறந்துவைக்கப்பட்டு 1996-இல் நின்றுபோன ஐடியல் ஜாவா மோட்டார் சைக்கிள் ஆலையின் வரலாறு இதற்குத் தக்கதொரு சான்று. பிற மாநிலங்களில் ஆலைகளையும் பணிமனைகளையும் நம்பிக் குடியேறி வாழும் நம்மவர்க்கு இஃது அயலார் கதையன்று. ஆதலின் இதனைச் சற்று விரிவாகவே கூற எண்ணுகிறோம்.

மைசூர் என்றவுடன் அரண்மனையும் தசரா ஊர்வலமும் சந்தனமும் பட்டும் நினைவுக்கு வருகின்றன. தொழில் நகரமாக அதனை எண்ணுவோர் குறைவு. ஆனால் அந்தச் சந்தனமும் பட்டுமே ஆலைகளோடு தொடர்புடையவை என்பதை நாம் மறந்துவிடுகிறோம். முதல் உலகப்போர் மூண்டபோது மைசூர்ச் சந்தனக் கட்டையை வாங்கிவந்த ஐரோப்பியச் சந்தை அடைபட்டது. காட்டில் மரம் இருந்தது, கிடங்கில் கட்டை குவிந்தது, வாங்குவார் இல்லை. அந்நாளில் திவானாக இருந்த மோட்சகுண்டம் விசுவேசுவரய்யா, கட்டையாக விற்க இயலாததை எண்ணெயாக வடித்து விற்கலாமே என்று முனைந்தார். பெங்களூரில் 1916-இலும் மைசூரில் 1917-இலும் சந்தன எண்ணெய் ஆலைகள் எழுந்தன. கிராக்கி விழுந்த இடத்திலேயே புதுத்தொழில் ஒன்று பிறந்தது என்பது இங்கே நினைவிற் கொள்ளத்தக்கது. பின்னர் 1937-இல் அமைந்த அரக்கு, வண்ணப்பூச்சு ஆலை அரக்கின் காலம் போனபின் அழியா மையைக் கைக்கொண்டது. 1962 பொதுத்தேர்தல் முதற்கொண்டு நம் விரலில் வைக்கப்படும் மை அவ்வாலையிலிருந்தே வருகிறது. வாக்களித்த நேயர் ஒவ்வொருவரும் மைசூர்த் தொழிற்பொருள் ஒன்றைத் தம் விரலில் சில நாள் சுமந்தவரேயாவர்.

மோட்டார் வண்டி செய்யவேண்டும் என்ற ஆசையும் மைசூர்க்குப் பழையதே. விசுவேசுவரய்யா திவான் பதவியை விட்டு நெடுநாட்களுக்குப்பின், 1935-இல் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் சென்று மோட்டார் ஆலைகளைக் கண்டுவந்து, இந்தியாவில் அத்தகைய ஆலை ஒன்றை நிறுவத் திட்டம் தீட்டினார். ஆங்கில ஆட்சியின் ஆதரவு கிட்டாமையால் மைசூர் நாட்டில் அது நிறைவேறவில்லை. விடுதலைக்குப்பின் நான்கு சக்கரத்திற்கு மாறாக இரு சக்கரம் வந்து சேர்ந்தது.

அந்த வண்டியின் பிறப்பையும் ஒரு சொல் கூறவேண்டும். செக்கோஸ்லோவாக்கியாவில் பிரான்டிசெக் யானெச்செக் என்பவர் படைக்கலங்கள் செய்துவந்தார். முதற்போர் முடிந்து ஆண்டுகள் சென்றதும் படைக்கலத்திற்குக் கிராக்கி தளர்ந்தது. இயந்திரங்களும் பழகிய கைகளும் இருக்க, அவற்றுக்கு வேறு வேலை தேடிய அவர், ஜெர்மனியின் வாண்டரர் நிறுவனத்திடமிருந்து ஒரு மோட்டார் சைக்கிளின் அமைப்பை வாங்கி 1929-இல் தொழில் தொடங்கினார். தம் பெயரின் முதலெழுத்துகளையும் வாண்டரரின் முதலெழுத்துகளையும் சேர்த்து 'ஜாவா' என்று பெயரிட்டார். இந்தோனேசியத் தீவுக்கும் இவ்வண்டிக்கும் உறவு ஏதுமில்லை. பெயரைக் கேட்டு அவ்வாறு எண்ணியிருந்தவர் நம்மில் பலர். அவர் செய்த முதல் வண்டி விலை மிகுந்ததாதலின் நன்கு விற்கவில்லை. சிறியதும் மலிவானதுமான 175 சி.சி. வண்டியைப் பின்னர்க் கொணர்ந்தே அவர் தழைத்தார். சந்தை திரும்பும் பக்கம் தாமும் திரும்பியவர் என்று அவரைச் சொல்லலாம்.

பம்பாயில் ஐம்பதுகளில் இவ்வண்டிகளை இறக்குமதி செய்து விற்றவர்களுள் பார்சி வணிகர் ருஸ்தம் இரானி ஒருவர். முழு வண்டிகளின் இறக்குமதியை அரசு கட்டுப்படுத்தி, உள்நாட்டில் செய்வோர்க்கு உரிமம் அளித்த காலம் அது. இரானியும் ஃபரூக் இரானியும் சேர்ந்து செக் நிறுவனத்தின் இசைவோடு மைசூரில் ஆலை கண்டனர். யாதவகிரியில் எழுந்த அவ்வாலையை 1961-இல் திறந்துவைத்தவர் மைசூர் மாநில ஆளுநராக இருந்த ஜயசாமராஜேந்திர உடையார். நாட்டின் கடைசி மன்னரும் அவரே, 1956-க்குப் பின் அமைந்த மாநிலத்தின் முதல் ஆளுநரும் அவரே. 1964 முதல் 1966 வரை நம் சென்னை மாநிலத்துக்கும் ஆளுநராக இருந்தார். யாதவகிரி என்ற பெயர் தமிழர்க்கு மற்றொரு வகையிலும் அணுக்கமானது. ஆங்கில நாவலாசிரியர் ஆர். கே. நாராயண் வீடு கட்டி வாழ்ந்தது அப்பகுதியிலேதான். 2016 முதல் அவ்வீடு அருங்காட்சியகமாக உள்ளது.

தொடக்கத்தில் செக் நாட்டு உறுப்புகளைப் பொருத்தி வண்டி செய்தனர். பின்னர் உறுப்புகளையும் படிப்படியாக இங்கேயே செய்தனர். வார்ப்பு, கடைசல், பற்றவைப்பு, முலாம் பூசுதல், சாயம் ஏற்றுதல், பொருத்துதல், ஓட்டிப் பார்த்தல் என ஒரு மோட்டார் சைக்கிளுக்குள் பல தொழில்கள் அடங்கியுள்ளன. அவ்வத்தொழிலில் ஒருவன் கை தேர ஆண்டுகள் ஆகும். எழுபதுகளில் செக் நிறுவனத்தோடு இருந்த உரிம உறவு முடிவுற்றதும் வண்டிக்கு 'யெஸ்டி' என்று பெயர் மாறிற்று. ஜரதுஷ்டிர சமயத்தாரின் பழம்பதியான பாரசீக நாட்டு யஸ்த் நகரை நினைந்து இட்ட பெயர் என்பர். 250 சி.சி. எஞ்சின், இருபுறமும் நீண்ட இரட்டைப் புகைக்குழாய், உதைத்து எழுப்பும் நெம்பும் கியர் மாற்றும் நெம்பும் ஒன்றாகவே அமைந்த புதுமை, தொலைவிலேயே அறியத்தக்க தனி ஓசை ஆகியவை அவ்வண்டியின் அடையாளங்கள். 1978-இல் வந்த 'ரோட்கிங்' கல்லூரி இளைஞரின் கனவாக விளங்கிற்று. மேடு ஏறும், பாரம் தாங்கும், எந்த ஊரிலும் பழுது பார்க்கலாம் என்று நாட்டுப்புறத்தாரும் அதனை விரும்பினர். வெளிநாடுகளுக்கும் ஏற்றுமதியாயிற்று.

இத்தனை நற்பெயர் பெற்ற வண்டிக்குக் கிராக்கி எவ்வாறு விழுந்தது?

அக்காலத்து இந்தியச் சந்தை வேலியிட்ட தோட்டம். திருவொற்றியூரில் 1955 முதல் என்ஃபீல்டு புல்லட், மைசூரில் ஜாவா, வடக்கே எஸ்கார்ட்ஸின் ராஜ்தூத் என்று மோட்டார் சைக்கிள்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. ஸ்கூட்டருக்கோ பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம். எத்தனை வண்டி செய்யலாம் என்பதற்கும் உரிமம், எந்த இயந்திரத்தை இறக்குமதி செய்யலாம் என்பதற்கும் அனுமதி. வாங்குபவர் வரிசையில் நிற்கும்போது செய்பவர் தம் பொருளை மாற்றவேண்டிய தேவை எழுவதில்லை. அரசின் உரிம முறை மட்டுமே குற்றவாளி என்று நாம் கூறவில்லை. வேலிக்குள் கிடைத்த இருபது ஆண்டுகளில் அடுத்த எஞ்சினுக்கான ஆராய்ச்சியில் போதிய முதல் இடப்படவில்லை என்பதும் உண்மையே. ஆயிலைத் தனிக் குழாயால் ஊட்டும் 'ஆயில்கிங்', இரட்டை சிலிண்டர் கொண்ட 350 முதலியவை வந்தன எனினும், அவை யாவும் பழைய அடிமரத்தின் கிளைகளேயன்றிப் புதுமரம் அல்ல.

எண்பதுகளின் தொடக்கத்தில் 100 சி.சி. வரையுள்ள வண்டிகளுக்கு வெளிநாட்டுத் தொழில் கூட்டுறவை அரசு அனுமதித்தது. 1984-இல் ஓசூரிலிருந்து சுசுகியின் கூட்டுறவில் வண்டி வந்தது. 1985-இல் அரியானாவின் தாருகேராவிலிருந்து ஹீரோ ஹோண்டா வந்தது. அதே ஆண்டில் யமகா ஆர்.எக்ஸ். 100 வந்தது. அக்காலத்தை ஒட்டியே பஜாஜும் கவாசாகியோடு சேர்ந்தது. ஹீரோ ஹோண்டா லிட்டருக்கு 80 கிலோமீட்டர் என்று விளம்பரம் செய்தபோது, பெட்ரோல் விலையை எண்ணி எண்ணி ஓட்டும் குடும்பத்தலைவர் யெஸ்டியை விட்டு அதன் பக்கம் திரும்பியதில் வியப்பில்லை. ஓசூர் தமிழ்நாட்டு எல்லையில் உள்ளது. அங்கே தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்து இளைஞர்க்கு வேலை கிடைத்த காலமும், மைசூரில் வேலை தேய்ந்த காலமும் ஒன்றே. தமிழ்நாட்டின் ஆக்கத்தை மட்டும் கண்டு மகிழ்வது நேர்மையாகாது என்பதற்காகவே இதனைக் குறிப்பிட்டோம்.

இரண்டாம் அடி புகையிலிருந்து வந்தது. யெஸ்டியின் எஞ்சின் டூ ஸ்ட்ரோக் வகை. பெட்ரோலோடு ஆயிலையும் கலந்து ஊற்றவேண்டும். பிஸ்டன் ஒருமுறை மேலே சென்று கீழே வருவதற்குள் உறிஞ்சலும் வெடிப்பும் வெளியேற்றமும் முடிந்துவிடும். எரிந்த புகை வெளியேறும் வேளையிலேயே புதுக்கலவை உள்ளே புகுவதால் அதில் ஒரு பகுதி எரியாமலே புகையோடு போய்விடுகிறது. உறுப்புகள் குறைவு, பழுது எளிது, இழுப்பு மிகுதி. ஆயின் எரிபொருள் வீண், நீலப்புகையும் மிகுதி. வண்டிப் புகைக்கு இந்திய அரசு 1991-இல் முதல் வரம்பையும், 1996-இல் கடுமையான வரம்பையும் விதித்தது. நகர மக்களின் மூச்சுக்கு அவ்விதி தேவையே. அதனைக் குறைகூற இடமில்லை. பழைய 250 சி.சி. எஞ்சினை அவ்வரம்புக்குள் கொணரப் புதுமுதல் வேண்டும். கிராக்கி தேய்ந்த ஆலையில் அம்முதல் எங்கிருந்து வரும்?

இங்கே திருவொற்றியூரை ஒப்பிட்டு நோக்குதல் பயன் தரும். புல்லட்டும் பழைய வண்டியே. அதனைப் பிறப்பித்த ஆங்கில நிறுவனம் எழுபதுகள் தொடங்கும்போதே மறைந்தது. ஆனால் அதன் எஞ்சின் ஃபோர் ஸ்ட்ரோக். ஆதலின் புகை விதி அதன் கழுத்தை அவ்வளவாக நெரிக்கவில்லை. 1994-இல் அதனை ஐஷர் நிறுவனம் முற்றாக ஏற்றது. 2000-ஆம் ஆண்டளவில் அதுவும் மூடும் நிலைக்கு வந்து, புது மேலாண்மையும் புதுமுதலும் வாய்த்தமையால் பிழைத்தது. இரண்டு ஆலைகளின் தொழிலாளருள் ஒருவர் திறமை மிக்கவர், மற்றவர் திறமை குன்றியவர் என்று எவரும் சொல்ல இயலாது. எஞ்சினின் வகையும் முதலாளியின் கையிருப்பும் ஒருபுறம் வாழ்வளித்தன, மறுபுறம் அளிக்கவில்லை.

1996-இல் யாதவகிரி ஆலையில் உற்பத்தி நின்றது. அவ்வாண்டில் இந்திய மக்கள் இருசக்கர வண்டி வாங்குவதை நிறுத்தினரா? இல்லை. ஆண்டொன்றுக்கு இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் விற்ற காலம் அது. நாட்டில் கிராக்கி வளர்ந்துகொண்டே இருக்க, ஓர் ஊரில் மட்டும் கிராக்கி இல்லாமற்போயிற்று. தொண்ணூறுகளின் பிற்பகுதியில், ஓசூரை நடத்தும் டி.வி.எஸ். நிறுவனமே தன் மற்றோர் ஆலையை மைசூர்க்குத் தெற்கே கடகோளாவில் நிறுவியது. மோட்டார் வண்டித் தொழில் மைசூரை விட்டுப் போகவில்லை என்று பெருமைப்படலாம். ஆனால் புது ஆலை இளைஞரை நாடும். பழைய ஆலையில் நரைத்தவர்க்கு வாயில் காட்டுவது அரிது.

வேலை இழந்தார்க்குச் சட்டம் என்ன தருகிறது என்பதை நேயர் அறிந்திருத்தல் நலம். 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்தில் 1953-இல் சேர்ந்த பகுதி, ஆட்குறைப்புக்கு ஆளானவர்க்குப் பணியாண்டு ஒன்றுக்குப் பதினைந்து நாள் சராசரி ஊதியம் நட்டஈடாகத் தரவேண்டும் என்றது. கடைசியில் சேர்ந்தவரே முதலில் விலக்கப்படவேண்டும் என்பதும் அதில் இருந்தது. 1976-இல் வந்த திருத்தம், பெரிய ஆலைகள் ஆட்குறைப்புக்கும் மூடலுக்கும் அரசின் முன் அனுமதி பெறவேண்டும் என்றது. முதலில் 300 தொழிலாளர் என்றிருந்த அளவு பின்னர் 100 ஆயிற்று. 2020-இல் நிறைவேறிய தொழில் உறவுச் சட்டத்தொகுப்பு அதனை மீண்டும் 300 ஆக்கிற்று. 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி பணிக்கொடையும் இருந்தது. ஏட்டில் இவை நன்றாகவே உள்ளன. கொடுக்கவேண்டிய கையில் பணம் இல்லாதபோதுதான் சிக்கல் தோன்றுகிறது. ஐடியல் ஜாவா நிறுவனத்தைக் கலைக்க உயர்நீதிமன்றம் 2001-இல் ஆணையிட்டது. அதன்பின் நிலமும் இயந்திரமும் அரசுக் கலைப்பு அலுவலரின் பொறுப்பில் வந்தன. நிறுவனம் கலையும்போது தொழிலாளர் பாக்கி, ஈடு பெற்ற கடன்காரரின் கடனுக்குச் சமமாக நிற்கவேண்டும் என்று 1985-இலேயே கம்பெனிச் சட்டம் திருத்தப்பட்டிருந்தது. சமமாக நிற்பது வரிசையில்தான். அவ்வரிசை நகர ஆண்டுகள் செல்லும். நாற்பத்தைந்து வயதில் வேலை இழந்தவன் அறுபதைத் தாண்டியபின் வரும் பாக்கியால் மகள் திருமணத்தை நடத்தவோ மகனைப் படிக்கவைக்கவோ இயலுமா?

வெளிமாநிலத்தில் வாழ்பவர்க்கு இது மேலும் கடினமாகும். சொந்த ஊரில் வேலை போனால் பாட்டன் நிலத்தில் ஒரு மூலையாவது இருக்கும். மாமன் மைத்துனர் இருப்பர். குடிபெயர்ந்து முப்பது ஆண்டு ஆனவர்க்கு ஊரில் வீடு இடிந்திருக்கும்; பிள்ளைகள் கன்னடத்தில் எழுதப்படிக்கக் கற்றிருப்பர்; ஆலை தந்த குடியிருப்பே உலகமாக இருக்கும். ஐடியல் ஜாவாவைக் கலைக்க ஆணை பிறந்த அதே 2001-இல், பிப்ரவரி 28 அன்று, கோலார் தங்கவயல் மூடப்பட்டது. வடார்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து சென்று தலைமுறை தலைமுறையாக மண்ணுக்கடியில் உழைத்த தமிழர் ஆயிரக்கணக்கில் அங்கே இருந்தனர். அங்கே காரணம் வேறு: பொன்னுக்குக் கிராக்கி என்றும் குறைவதில்லை, ஆழத்திலிருந்து அதை எடுக்கும் செலவு அதன் விலையை மிஞ்சிற்று. அவர்கள் மக்களும் பேரரும் இன்றும் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூர்க்குப் பிழைப்புத் தேடிச் செல்கின்றனர். ஊர் தங்கிற்று, தொழில் மட்டும் நாள்தோறும் தொலைவுப் பயணம் ஆயிற்று.

இவை பழைய எஞ்சின்களுக்கும் வற்றிய சுரங்கங்களுக்கும் மட்டும் நேர்பவை என்று எண்ணவேண்டா. காற்றாலை புதுமையான தொழில், புகையும் இல்லை. ஆரல்வாய்மொழிக் கணவாயை அடுத்த முப்பந்தலிலும் பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கிலும் சுழலும் விசிறிகளை ஊருக்கு வரும்போது ரயிலிலிருந்து கண்டிருப்பீர்கள். 2016-17-இல் நாட்டில் ஏறத்தாழ 5,500 மெகாவாட் அளவுக்குப் புதுக்காற்றாலைகள் நிறுவப்பட்டன. அதுவரை மாநிலங்கள் நிர்ணயித்த விலைக்கு மின்சாரம் வாங்கப்பட்டது. 2017 பிப்ரவரியில் ஏல முறை வந்தது. முதல் ஏலத்திலேயே விலை யூனிட்டுக்கு 3 ரூபாய் 46 காசாக இறங்கியது. அடுத்த நிதியாண்டில் நிறுவப்பட்டது 2,000 மெகாவாட்டுக்கும் குறைவு. காற்று அவ்வாண்டு வீசாமல் இருக்கவில்லை. மின்சாரத்தின் தேவையும் குறையவில்லை. விலை காணும் முறை மாறியது. இறகும் கோபுரமும் செய்தவர் கைகளுக்கு வேலை குறைந்தது. மின்சாரம் மலிவானது நாட்டுக்கு நன்மையே. அந்நன்மைக்கு உரிய விலையில் பெரும்பங்கை ஆலைத் தொழிலாளர் செலுத்தினர் என்பதையும் கணக்கில் எழுதவேண்டும்.

மைசூர்க் கதையில் இன்னும் ஒரு பகுதி உள்ளது. ஆலை போயிற்று, வண்டியின் மேல் மக்களுக்கு இருந்த பற்றுப் போகவில்லை. ஜூலைத் திங்கள் இரண்டாம் ஞாயிறன்று பழைய ஜாவா, யெஸ்டி வண்டிகளை வைத்திருப்போர் ஊர்தோறும் கூடி ஓட்டி மகிழ்வது வழக்கமாயிற்று. மைசூரிலும் பெங்களூரிலும் அக்கூட்டம் பெரிது. ஒருகாலத்தில் பழைய இரும்பாக விலை போனவை அரும்பொருளாயின. பெயருக்கு மதிப்பு உண்டு என்பதை வணிகரும் கண்டனர். மகிந்திரா குழுமத்தின் பெரும்பங்கு கொண்ட கிளாசிக் லெஜண்ட்ஸ் நிறுவனம் 2018 நவம்பரில் ஜாவாவையும், 2022 ஜனவரியில் யெஸ்டியையும் ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினோடு மீண்டும் சந்தைக்குக் கொணர்ந்தது. நிறுவனத்தில் ருஸ்தம் இரானியின் மைந்தர் பொமன் இரானியும் பங்குடையவர். வண்டிகள் செய்யப்படுவது மத்தியப் பிரதேசத்துப் பீதம்பூரில்.

யெஸ்டி என்ற பெயர் யாருக்குச் சொந்தம் என்பது கர்நாடக உயர்நீதிமன்றத்தில் வழக்காயிற்று. கலைப்பில் இருக்கும் பழைய நிறுவனத்துக்கே அது உரியது என்று 2022 டிசம்பரில் தனி நீதிபதி தீர்ப்பளித்தார். அதன்மேல் மேல்முறையீடு எழுந்து வழக்கு மேலும் நீண்டது. பழைய ஆலையின் தொழிலாளர் சங்கமும் அவ்வழக்கில் ஒரு தரப்பாக நின்றது என்பதே நம் கவனத்தை ஈர்க்கிறது. பெயர் பழைய நிறுவனத்தின் சொத்தானால் அதன் மதிப்பும் பாக்கிக் கணக்கில் சேரும் என்பது அவர்கள் நாட்டம்.

தொழில் தகராறுச் சட்டத்தில் மற்றொரு விதியும் இருந்தது. ஆட்குறைப்பு செய்த முதலாளி மீண்டும் ஆள் எடுக்கும்போது, முன் விலக்கப்பட்டவர்க்கு முதலிடம் தரவேண்டும் என்பது அது. அவ்விதி முதலாளியைத் தொடர்வது; பெயரைத் தொடர்வதன்று. யெஸ்டி மீண்டும் ஓடத் தொடங்கியபோது பழைய முதலாளி கலைப்பில் இருந்தார். புது முதலாளி வேறொருவர். ஆலை ஆயிரம் கிலோமீட்டர்க்கு அப்பால். யாதவகிரியில் முலாம் பூசியவர்க்கும் கியர் கடைந்தவர்க்கும் அழைப்பு அனுப்பவேண்டிய கடமை சட்டப்படி எவர்க்கும் இல்லை. அவர்களுட் சிலர் பழைய வண்டிகளைப் பழுதுபார்த்துப் பிழைத்தனர். இன்றும் மைசூரில் கார்புரேட்டரைக் கழற்றாமலே ஓசையைக் கேட்டுக் குறையைச் சொல்லும் முதியவர் எவரேனும் இருந்தால், அவர் எங்கே தொழில் கற்றார் என்று ஊரார் கேட்பதில்லை.